'வெளிநாட்டு விருந்தாளிகள்': சில திருத்தங்கள்

ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் நம் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். சைபீரியா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா முதலிய 'நாடுகளிலிருந்து' லட்சக்கணக்கான பறவைகள் குளிருக்குப் பயந்து ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் பறந்து தமிழகம் வந்திருக்கின்றன. அவை இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பங்குனி மாதத்தில் தாயகம் திரும்பும் என்பது அதன் சாரம். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் போதும். கோடியக்கரைக்கும் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் நம் வெள்ளோட்டுக்கும் அது பொருந்திவிடும். பள்ளிக் கட்டுரைப் போட்டிகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இதையே சற்று அலங்கரித்துக் கேட்கிறோம்.

நான் விலங்கியல் படித்தவன் அல்லன். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். எனவே இதைக் குறை கூற எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். பத்தாண்டுகளுக்கு முன் கல்லூரி ஆண்டு மலரில் நானே இப்படி ஒரு கட்டுரை எழுதினேன் என்பதுதான் என் உரிமை. அதை வகுப்பில் படித்துக் காட்டியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஏனுங்க சார், அக்டோபர்ல ஆஸ்திரேலியாவுல வெயில் காலம் தொடங்குதுங்களே. அப்புறம் அந்தப் பறவை எதுக்குங்க இங்க வருது?" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பருவ மாற்றத்துக்குப் பூமியின் அச்சுச் சாய்வே காரணம் என்று அதே வகுப்பில் அதற்கு முந்திய வாரம் பாடம் நடத்தியவன் நான்!

அந்த மாணவர் கேட்டது முற்றிலும் சரி. வடகோளத்தில் கூதிர்காலம் வரும்போது தென்கோளத்தில் வசந்தம். அப்போது ஆஸ்திரேலியாவின் கரையோரச் சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும் உள்ளான்களில் பெரும்பாலானவை வட சைபீரியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவை. அதாவது கோடியக்கரையும் ஆஸ்திரேலியக் கரையும் ஒரே வகைப் பறவைகளுக்கு இரண்டு முகாம்கள். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு ஐப்பசியில் ஏன் வரவேண்டும்? ஆயினும் 'ஆஸ்திரேலியப் பறவைகள்' என்ற சொற்றொடர் நம் செய்திகளை விட்டுப் போவதாயில்லை. தொலைதூர நாட்டின் பெயர் சொன்னால் செய்திக்கு மதிப்புக் கூடும் என்ற நினைப்பே இதற்குக் காரணமாக இருக்கவேண்டும்.

அடுத்தது கூடு கட்டும் கதை. வேடந்தாங்கலில் கடப்ப மரங்களின் மேல் கூடு கட்டுபவை நத்தைக்கொத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா போன்றவை. இவை நம் நாட்டுப் பறவைகள். மழையையும் ஏரியின் நீர்மட்டத்தையும் பார்த்து இடம் மாறுமே தவிர, இமயத்தைத் தாண்டி வருபவை அல்ல. மாறாக, வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் ஆகியவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. கொசு உள்ளானின் முட்டையைத் தமிழ்நாட்டில் தேடுபவர் ஆயுள் முழுவதும் தேடலாம். அது துருவப்பகுதியின் மரமற்ற சமவெளியில், அங்குள்ள குறுகிய கோடையில்தான் முட்டையிடும். இவ்விரு கூட்டத்தையும் ஒன்றாகக் குழப்பிய வாக்கியம் எந்தப் புத்தகத்தில் முதலில் தோன்றியதோ தெரியாது; அதன்பின் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவருகிறோம்.

இந்தக் குழப்பத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவருக்கு ஒரு பதில் உண்டு. கூடு கட்டும் பறவைக்கு மரம் வேண்டும். மேய வந்த உள்ளானுக்கு மரம் வேண்டியதில்லை, அரை அங்குல நீர் நிற்கும் சேறு வேண்டும். குளத்தைத் தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் அமைத்து, அவற்றில் மரக்கன்று நட்டு, கரையை நேர்க்கோடாக்கிக் கல் பதித்தால் முன்னதற்கு ஓரளவு உதவி. பின்னதற்கு அங்கே காலூன்ற இடமே இல்லை. பறவைகளுக்காகவே செய்கிறோம் என்று நல்லெண்ணத்தோடு பல குளங்களில் இதைச் செய்தாகிவிட்டது. எழுத்தில் நேரும் பிழை மண்வெட்டி வழியாகக் குளத்துக்குள் இறங்கிவிடுகிறது.

'வெளிநாட்டு' என்ற அடைமொழியும் பாதிதான் உண்மை. பூநாரை இந்தியாவில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் கூந்தன்குளத்திலும் காணும் பட்டைத்தலை வாத்து மங்கோலியாவிலும் திபெத்திலும் இனப்பெருக்கம் செய்வதோடு நம் லடாக்கின் ஏரிக்கரைகளிலும் செய்கிறது. ஆறுமணிக் குருவியின் கதை இன்னும் வேடிக்கை. ஐப்பசி மாதத்தில் கோவைப் பக்கத்து வீடுகளின் முற்றத்திலோ மாடிப்படியிலோ பச்சையும் நீலமும் சிவப்புமாக ஒரு குருவி களைத்து விழுந்து கிடப்பதுண்டு. உடனே 'அபூர்வ வெளிநாட்டுப் பறவை மீட்பு' என்று படத்தோடு செய்தி வரும். அது இமய மலையடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டி, தெற்கேயும் இலங்கைக்கும் குளிர்காலத்தைக் கழிக்க இரவில் பறந்து வரும் சுத்தமான இந்தியப் பறவை. அதற்கு வேண்டியது பாஸ்போர்ட் அன்று. ஓர் அட்டைப்பெட்டியில் சில மணி நேர அமைதி.

'குளிருக்குப் பயந்து' என்பதையும் பார்ப்போம். வளைமூக்கு உள்ளானில் வளர்ந்த பறவைகள் ஜூலையிலேயே துருவப்பகுதியை விட்டுப் புறப்படத் தொடங்கிவிடுகின்றன. அப்போது அங்கே கோடை. நம் கிழக்குக் கரையில் ஆடி கடைசியிலும் ஆவணியிலும் முதல் கூட்டங்கள் இறங்குகின்றன. இலையுதிர்காலப் பயணம் என்று ஆங்கில நூல்களைப் பார்த்து நாம் மொழிபெயர்க்கிறோம். நம் கணக்கில் அது ஆடிக்காற்றில் தொடங்கி அடைமழையில் முடியும் பயணம். இறகுப் போர்வை உள்ள உயிருக்குக் குளிர் பெரிய பகையன்று. உணவு தீர்ந்துபோவதே பகை. அது தீருமுன் புறப்படச் செய்வது நாளின் நீளம். கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் 1920-களில் கூண்டிலிட்ட குருவிகளுக்கு மின்விளக்கால் பகல் நேரத்தைக் கூட்டிக் காட்டினார். வெளியே கடுங்குளிர்; ஆனால் வசந்தத்தில் உண்டாகும் உடல் மாற்றங்கள் அக்குருவிகளிடம் தோன்றின. பறவையின் நாட்காட்டி வெப்பமானியைப் பார்ப்பதில்லை, சூரியனைப் பார்க்கிறது.

இன்னொன்று: 'தாய்ப்பறவை வழி காட்ட, குஞ்சுகள் பின்தொடர' என்று எழுதுகிறோம். வாத்து, கொக்கு இனங்களில் சில அப்படிச் செய்யும். துருவப்பகுதி உள்ளான்களில் தாய் தந்தையர் முன்னால் போய்விடுவார்கள். பிறந்து சில வாரங்களே ஆன இளம்பறவைகள் பின்னால் தாமாகவே புறப்பட்டு வரும். ஒரு முறைகூடப் போகாத ஊருக்கு வழிகாட்டி இல்லாமல் வருவதென்றால், அவ்வழி பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும். எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை டச்சு ஆராய்ச்சியாளர் பெர்டெக் அழகாகக் காட்டினார். வலசை போகும் வழியில் ஹாலந்தில் பிடிபட்ட சுமார் 11,000 மைனா இனப் பறவைகளுக்கு வளையமிட்டு, விமானத்தில் ஏற்றி ஸ்விட்சர்லாந்தில் விட்டார். முன்பு போய்வந்த பெரியவை தடம் மாறியதை உணர்ந்து, தம் வழக்கமான குளிர்கால இடம் நோக்கித் திரும்பின. இளையவையோ முன்பு போய்க்கொண்டிருந்த அதே திசையில் பறந்து ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தன. 1958-இல் வெளியான இம்முடிவு, பிறவியில் வருவது திசை, அனுபவத்தில் வருவது இடம் என்பதைப் பிரித்துக் காட்டிவிட்டது.

இனி என் சொந்த வயலுக்கு வருகிறேன். திசை அறிவது எப்படி என்ற கேள்விக்கு நம் நூல்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்: பறவையின் தலையில் காந்த ஊசி போன்ற ஓர் அமைப்பு உண்டாம், அது வடக்குத் தெற்கைக் காட்டுமாம். என் ஆண்டு மலர்க் கட்டுரையிலும் இந்த வரி இருந்தது. பௌதிகம் படித்தவன் எழுதக்கூடாத வரி இது.

காந்த ஊசி வடமுனை எது, தென்முனை எது என்று அறியும். பறவை அப்படி அறிவதில்லை என்று 1972-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் உல்ஃப்காங் வில்ச்கோ, ரோஸ்விதா வில்ச்கோ தம்பதியர் காட்டினர். ராபின் என்ற சிறு குருவியைக் கம்பிச்சுருள்களுக்கு நடுவே வைத்து, செயற்கையாகக் காந்தப்புலத்தை மாற்றினார்கள். புலத்தின் வடக்கு, தெற்கை மட்டும் அல்ல, மேல் கீழையும் சேர்த்துத் தலைகீழாக்கினால் குருவி எவ்வித மாற்றமும் காட்டவில்லை. மேல் கீழை மட்டும் மாற்றினால் எதிர்த்திசையில் பறக்க முயன்றது. காந்தப்புலக் கோடுகள் பூமியின் தளத்தோடு எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதையே அது உணர்கிறது. கோடுகள் பூமிக்குள் சரியும் பக்கம் துருவம், எதிர்ப்பக்கம் நிலநடுக்கோடு. 'வடக்கு' என்ற எண்ணமே அந்தக் குருவிக்கு இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு உடனே எங்கள் ஆய்வுக்கூடத்துச் சரிவு வட்டம் நினைவுக்கு வந்தது. புலம் தளத்தோடு ஆக்கும் கோணத்தைச் சரிவுக் கோணம் என்கிறோம். ஃபிராங்க்ஃபர்ட்டில் அது சுமார் 66 பாகை. வட சைபீரியாவில் 80 பாகைக்கும் மேல். ஊசி ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும். கோவையில் 10 பாகைக்கும் குறைவு. மாணவர்கள் ஊசியைத் தட்டித் தட்டிப் பார்த்து, கருவி பழுது என்று சொல்லிவிடுவார்கள். பழுது கருவியில் இல்லை. சரிவுக் கோணம் பூச்சியமாகும் காந்த நடுக்கோடு நமக்குச் சற்றுத் தெற்கே, தென்கோடித் தமிழகத்தையும் கேரளத்தையும் ஒட்டிச் செல்கிறது. 1963-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கே இக்கோட்டின் அருகாமைதான் காரணம்.

அப்படியானால், சரிவை வைத்துத் திசை அறியும் பறவை, சரிவே இல்லாத இடத்துக்கு வந்தால் என்ன செய்யும்? துருவம் எந்தப் பக்கம், நடுக்கோடு எந்தப் பக்கம் என்று அதற்குச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. கோடியக்கரையைத் தாண்டி இலங்கைக்கும் அப்பாலும் போகும் பறவைகள் இந்தக் குருட்டுப் பட்டையைக் கடந்தாகவேண்டும். நம் நாட்டுக்கே உரிய இந்த அருமையான கேள்வியைத் தமிழில் எழுதப்பட்ட வலசைக் கட்டுரை எதிலும் நான் இதுவரை பார்க்கவில்லை. 'காந்த ஊசி' என்ற ஒரே சொல் அதற்கு வழியை அடைத்துவிட்டது.

பதிலின் ஒரு பகுதி தெரியும். அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லன் 1960-களில் ஒரு வகைக் குருவியைக் கோளரங்கத்துக்குள் வைத்துச் சோதித்தார். குஞ்சுப் பருவத்தில் விண்மீன்கள் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கின்றன என்று பார்த்து அது வடக்கைக் கற்கிறது என்று கண்டார். அந்தப் புள்ளிக்கருகே இருக்கும் துருவ நட்சத்திரம் கோடியக்கரையில் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. மேகம் மூடிய ஐப்பசி இரவில் அதுவும் தெரியாது. மறையும் சூரியனும் உதவுகிறது. மேலும் 1992-இல் வில்ச்கோ தம்பதியர் இன்னொரு சிறு பறவையைச் சரிவற்ற செயற்கைப் புலத்தில் சில நாள் வைத்திருந்தனர். அதன்பின் அப்பறவை நடுக்கோட்டை நோக்கிப் போவதை விட்டு, துருவத்தை நோக்கிப் போக முயன்றது. நடுக்கோட்டைக் கடந்த பறவை தெற்கே தொடர வேண்டுமானால் இப்படித்தான் மாறவேண்டும்! புலத்தை உணரும் உறுப்பு கண்ணில் இருக்கலாம் என்றும், ஒளி பட்டதும் கிரிப்டோகுரோம் என்ற புரதத்தில் தோன்றும் எலெக்ட்ரான் இணைகளே அதன் அடிப்படை என்றும் கருத இன்று நல்ல ஆதாரங்கள் உண்டு. 2021-இல் ராபினின் அப்புரதம் ஆய்வுக்கூடத்தில் காந்தப்புலத்துக்கு இசைந்தது. ஆனால் இவையெல்லாம் குருவிகளில் செய்த சோதனைகள். சேற்றில் நடக்கும் உள்ளானுக்கும் இதுவே என்று அப்படியே எழுதிவிடக் கூடாது.

மிகைப்படுத்தலுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பட்டைத்தலை வாத்து எவரெஸ்ட் சிகரத்துக்கு மேல் பறக்கிறது என்று படித்திருப்பீர்கள். செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்காணித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த மிக அதிக உயரம் 7,290 மீட்டர். எவரெஸ்ட் 8,849 மீட்டர். பெரும்பாலான நேரம் அவை இன்னும் கீழே, கணவாய்கள் வழியாகவே பறந்தன. காரணம் எளிது. 7,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. தாங்கும் காற்று மெலிந்தால் அதே எடையைத் தூக்கச் சிறகை வேகமாக அடிக்கவேண்டும். ஆகவே மலை ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, தரையை ஒட்டியே பறப்பது வாத்துக்குச் சிக்கனம் என்று 2015-இல் வந்த இன்னோர் ஆய்வு கூறியது. உயரமாகப் பறப்பதைவிட, எப்போது இறங்குவது என்று அறிந்திருப்பது எனக்கு அதிக வியப்பைத் தருகிறது.

கொசு உள்ளானுக்கும் ஒரு கணக்குப் போடலாம். இருபது கிராம் எடையுள்ள பறவை பயணத்துக்கு முன் 8 கிராம் கொழுப்புச் சேர்க்கிறது என்று வைப்போம். ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 39 கிலோ ஜூல் ஆற்றல். ஆக மொத்தம் 312 கிலோ ஜூல். பறக்கையில் தோராயமாக 2 வாட் செலவானால் 1,56,000 வினாடி, அதாவது 43 மணி நேரம் பறக்கலாம். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 2,150 கிலோ மீட்டர். அதன்பின் இறங்கி உண்டாக வேண்டும். இறங்கிய இடத்தில் சேறு உப்பேறிப் புழு இல்லாவிட்டால் அடுத்த கட்டப் பயணம் இல்லை. அருகில் படம் பிடிக்கப் போய் நாம் எழுப்பி விரட்டும் ஒவ்வொரு முறையும் அது அந்த 8 கிராமிலிருந்துதான் செலவழிக்கிறது. இதே காரணத்தால்தான் வளைமூக்கு உள்ளானை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் அழிவாய்ப்புள்ள இனமாக உயர்த்திப் பட்டியலிட்டதைச் சாதாரணச் செய்தியாக நான் கொள்வதில்லை. அதன் வழியிலுள்ள சேற்று நிலங்கள், குறிப்பாகச் சீனக் கடற்கரையில், பெருமளவு மண்ணிட்டு மூடப்பட்டுவிட்டன.

நல்ல எழுத்து தமிழில் இல்லாமல் இல்லை. ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டு வலசில் பிறந்த பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் மா. கிருஷ்ணன் பறவைகளைப் பற்றி எழுதினார். கண்டதை மட்டும் எழுதும் கட்டுப்பாடு அவரிடம் இருந்தது. வலசு என்று முடியும் ஊர்கள் நம் கொங்கு நாட்டில் நிறைய. குடிபெயர்ந்து வந்தோர் அமைத்த ஊர் என்று பொருள் சொல்வார்கள். வலசை என்ற சொல் இவ்வளவு அருகில் இருக்க, சத்திமுத்தப் புலவரின் நாரையைச் சொல்லித் தொடங்கி, அங்கேயே நின்றுவிடுவதைப் பேச்சாளர்கள் வழக்கமாகக் கொண்டுவிட்டார்கள். அப்பாட்டு நாரையின் அலகையும் காலையும் எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறது என்பதையாவது அவர்கள் கவனித்தால் நல்லது.

எண்ணிக்கை பற்றியும் ஒரு சொல். 'லட்சக்கணக்கில்' என்பது எண் அன்று. யார், எப்போது, எந்த முறையில் எண்ணினார்கள் என்று கேட்காத செய்தியை அறிவியல் செய்தியாகக் கொள்ள முடியாது. கோடியக்கரை 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் தொடங்கிய வலசை ஆய்வின் தொடர்ச்சியாக அங்கே பல ஆண்டுகள் பறவைகளுக்கு வளையமிட்டுள்ளார்கள். எந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தச் சிறு அலுமினிய வளையமும், இப்போது காலில் கட்டும் வண்ணப் பட்டையும்தான் சாட்சி. ஊகம் சாட்சியாகாது.

கோவையில் கடல் இல்லை என்று மாணவர்கள் வருந்த வேண்டாம். நஞ்சராயன் குளம் 2022-இல் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வெள்ளோடு 2022-இலேயே இடம்பெற்றுவிட்டது. சூலூர், சிங்காநல்லூர், உக்கடம் குளங்களின் நீர் வற்றிய ஓரங்களில் புரட்டாசி முதலே உள்ளான்கள் நிற்கும். சென்ற ஆண்டு நான் எட்டு மாணவர்களைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போனேன். இரவு பஸ்ஸில் போய், விடியலில் உப்பளக் கரையில் நின்றோம். ஒருவரிடம்தான் தொலைநோக்கி, மற்றவர்களுக்குப் பொறுமை. மூன்று பேர் தனித்தனியே எண்ணி, சராசரி எடுத்தார்கள். முதல் சுற்றில் மூவர் கணக்கும் மூன்று விதம். ஒருவர் மற்றவரைவிட இரண்டு மடங்கு எண்ணியிருந்தார். கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணக் கற்றபின் வேறுபாடு குறைந்தது. திரும்பி வந்து துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய செய்தி இது:

"கோடியக்கரை, உப்பளத்தின் கிழக்கு வரப்பு. காலை 6-40 முதல் 7-30 வரை. கொசு உள்ளான் சுமார் 340. வளைமூக்கு உள்ளான் 22. இவற்றில் எத்தனை இளம்பறவைகள் என்று சொல்ல இயலவில்லை. வளையம் உள்ள கால் ஒன்றுகூடத் தென்படவில்லை. ஆகவே எங்கிருந்து வந்தவை என்று எழுதவில்லை."

அதைப் படித்துவிட்டு அலுவலக உதவியாளர் ஒருவர் என்னிடம், "என்னங்க சார், சைபீரியானு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமுங்களே" என்றார். போடவில்லை.